இரண்டாம் முறை கேட்காத ஊர்

1

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து என் மச்சான் தேவன் போன் எடுத்தால் முதலில் இங்கத்தைக் குளிரைப் பற்றிக் கேட்பான், பிறகு என் முழங்காலைப் பற்றிக் கேட்பான். போன கிழமை இரண்டையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தான்.

"டென்மார்க்கில எங்கட பெட்டை ஒண்டு ஜனாதிபதிக்கு நிக்கப்போறாளாம். வட்ஸ்அப்பில வந்தது. அவள் நிக்கலாமோ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த நாட்டில் ஜனாதிபதி என்று ஒருவரே கிடையாது. அரசர் இருக்கிறார், அந்தக் கதிரைக்குத் தேர்தல் இல்லை. பிரதமர் இருக்கிறார். அவருக்குக் கீழே ஊர் ஊராக நகரசபைகளும் அவற்றுக்கு மேயர்களும். ஒரு செய்தி எங்கள் பக்கத்துப் பெரிய நகரமான ஒடென்சேயில் புறப்பட்டு லண்டன், ரொறொன்ரோ எல்லாம் சுற்றிக் கொக்குவிலுக்குப் போய்ச் சேருவதற்குள் மேயர் ஜனாதிபதியாகிவிடுகிறார். எங்கள் ஆட்களின் வாயில் பதவி உயர்வு சீக்கிரம் கிடைக்கும்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி தட்டிக்கழிக்கக் கூடியதல்ல. நிற்கலாமா? அதை வைத்து எங்கள் சின்ன ஊரின் தமிழர் வீடுகளில் இந்த வசந்தகாலம் முழுக்க வாக்குவாதம். அதில் நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். போனில் அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன், லைன் அறுந்துபோனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஒடென்சேயில் பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவன். தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன். இங்கே அரசியலை நிறத்தால் சொல்வார்கள். நான் சிவப்பு. வோட்டுரிமை கிடைத்த நாளில் இருந்து சிவப்பு. இனி நான் மெச்சி எழுதப்போகிற வாசுகியோ நல்ல நீலம், பழமைவாதக் கட்சிக்காரி. ஓகூஸ் நகரத்தில் இருக்கும் என் மகனுக்கு அவளைப் பற்றி நல்லதாகச் சொன்னால், அப்பாவுக்கு வயது போய்விட்டது என்று டேனிஷில் சொல்லிப்போட்டுப் போனை வைத்துவிடுவான். தமிழில் திட்டினாலும் பரவாயில்லை, அதற்கும் அவனுக்குத் தமிழ் வராது.

2

வாசுகி என் காலஞ்சென்ற சிநேகிதன் ஒருவனின் மகள். ஒடென்சே ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஒரு கம்பனியில் கணக்காளர். டேனிஷ்காரர் சுருக்கமாக வாசி என்பார்கள். தாய் பரமேஸ்வரி அக்கா வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, அடுத்த வீட்டுக்குச் சைக்கிளில் ஓடுகிற வேலை.

வாசுகி முதல் தடவை நகரசபைக்கு நின்றபோது எங்கள் பெரிசுகள் அவளைத் தோற்கடிக்கப் பார்த்தார்கள். வேண்டுமென்றல்ல, ஊர்ப் பழக்கத்தில். எங்கள் நாட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடியும் பிறகு மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம் அல்லவா? இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, வாசுகிக்கு ஒன்று, அதே பட்டியலில் பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைக்காரருக்கும் "அவையும் பாவங்கள்" என்று ஒவ்வொன்று போட்டுவிட்டு வந்தார்கள். இங்கே அப்படிப் போட்டால் அந்த வாக்கு கட்சிக்குத்தான் சேரும், ஆளுக்குச் சேராது. அப்படியிருந்தும் வென்றுவிட்டாள். அடுத்த முறை நான் சிவப்புக்காரனாக இருந்துகொண்டே வீடு வீடாகப் போய் "ஒரே ஒரு புள்ளடி" என்று பாடம் எடுத்தேன்.

நகரசபையில் அவள் என்ன செய்தாள் என்பதுதான் விஷயம். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வரவுசெலவுத் திட்டம் வரும். எதை எதை வெட்டலாம் என்று அதிகாரிகள் ஒரு பட்டியலோடு வருவார்கள். அதில் வயோதிபரின் குளியல் எப்போதும் இருக்கும். கிழமைக்கு இத்தனை தரம் வார்ப்பதை அத்தனையாகக் குறைத்தால் இவ்வளவு மிச்சம். கிழவர் கிழவிகள் ஊர்வலம் போகமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாசுகி அந்தப் பட்டியலை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு குளிர்காலப் பின்னேரங்களில் சைக்கிளில் ஊரைச் சுற்றினாள். நகரசபைக் கட்டடங்களில் எங்கே லைட் எரிகிறது, எங்கே உள்ளே ஆளில்லாமல் ஹீற்றர் ஓடுகிறது என்று பார்த்தாள். மாரி முழுக்க வெறுங்கதிரைகளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம், ஆட்களைக் குளிப்பாட்டக் காசில்லை என்கிறோம் என்று சபையில் சொன்னாள். பாதிக் கட்டடங்களை மூடி, சங்கங்களையும் கழகங்களையும் பள்ளிக்கூடங்களுக்குள் பின்னேரங்களில் சேர்த்துவிடும் திட்டத்தைக் கொண்டுவந்தாள். புதிதாகச் செலவு கேட்கிறவர் அது எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லவேண்டும் என்று ஒரு விதி வைத்தாள், தனக்கும் சேர்த்துத்தான். முழுக் கணக்கையும் நூலகத்தில் வைத்து, கோப்பியும் பணிசும் கொடுத்து, சாதாரண டேனிஷில் ஊருக்கு விளங்கப்படுத்தினாள். என் கட்சி உறுப்பினர்கள் முதல் வருஷம் நக்கலடித்தார்கள். இரண்டாம் வருஷம் அவளுடைய திட்டத்தில் கையெழுத்து வைத்தார்கள். குளியல் வெட்டப்படவில்லை.

3

மூடப்பட்ட கட்டடங்களில் ஒன்று எங்களுடையது.

எங்களுடையது என்றால் நகரசபையுடையதுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அங்கேதான் தமிழ் படித்தார்கள். சுவரில் வள்ளுவர் படம், அலுமாரியில் நவராத்திரிச் சாமான்கள். அதைப் பூட்டப்போகிறார்கள் என்று கடிதம் வந்தபோது எங்கள் தமிழ்ச் சங்கமே கொதித்தது. நாங்கள் ஓடியோடி வோட்டுச் சேர்த்துக் கொடுத்த பிள்ளை எங்கள் அடிமடியிலேயே கை வைக்கிறாளே என்று. நானும் சங்கத் தலைவரும் பொருளாளரும் அவள் வீட்டுக்குப் படையெடுத்தோம். நான்தான் பெரிதாகச் சத்தம் போட்டேன்.

அவள் எங்களை இருத்தி, தேத்தண்ணி தந்து, முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மாமா, எங்கட கட்டடம் எண்டு இதை விட்டால், மற்றவையின்ர கட்டடத்தில நான் எந்த முகத்தோட கை வைக்கிறது?"

தொழிற்சங்கத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு நியாயம் பேசுவார்கள், தன் மச்சானின் டியூட்டி என்றால் நியாயம் வளைந்துவிடும். இவள் வளையவில்லை. சனிக்கிழமை ஜீன்சோடு வந்து அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கிறது. அங்கே விளையாட்டு மண்டபம் இருக்கிறபடியால், முன்பு வயிற்றுவலி என்று நின்ற பிள்ளைகளும் வருகிறார்கள். சங்கப் பொருளாளர் மட்டும் இன்னும் அவளோடு கதைப்பதில்லை. அவருக்கு அந்தக் கட்டடத்தின் திறப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பதே ஒரு பதவியாக இருந்தது.

4

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமேஸ்வரி அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வாசுகியும் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பகிடி மாதிரி அந்தக் கதையைச் சொன்னாள்.

போல் என்ற டேனிஷ்காரர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவளுடைய கட்சியின் ஊர்க்கிளைத் தலைவர். நிர்வாகக் கூட்டத்தில் அவர் இவளிடம், அடுத்த தேர்தலில் எங்கள் பட்டியலின் முதலாவது பெயராக, அதாவது மேயர் வேட்பாளராக நிற்பாயா என்று கேட்டிருக்கிறார். இவள், "இல்லை, நான் வேண்டாம், என்னைவிடப் பொருத்தமான ஆக்கள் இருப்பினம்" என்று சொல்லியிருக்கிறாள். போல் தலையாட்டி, தெளிவான பதிலுக்கு நன்றி சொல்லி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அடுத்த விஷயம், கோடைகாலச் சந்தையில் கட்சி போடும் கடைக்கு எத்தனை சொசேச் வாங்குவது என்பது. கூட்டம் முடிவதற்குள் வீடு விற்கும் தரகர் ஒருவரின் பெயரை நிர்வாகம் சிபாரிசு செய்துவிட்டது.

"நல்ல வேலை செய்தாய். உனக்கேன் அந்த வில்லங்கம்?" என்றார் அக்கா. இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். கதை முடிந்தது.

நான் புறப்படும்போது வாசுகி, தாயின் ஜன்னலோரக் கன்றில் இருந்து பிடுங்கிய கறிவேப்பிலையைத் தர என் கார் வரைக்கும் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

"மாமா, அவை திரும்பக் கேக்கேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதல் "வேண்டாம்" ஒரு மரியாதை. விருந்தில் இரண்டாம் தரம் கறி போட வந்தால் இலைக்கு மேல் கையை விரித்து மறிப்போம். மறித்த கையைத் தள்ளிவிட்டுப் போட்டால்தான் உபசாரம். சங்கக் கூட்டத்தில் தலைவர் தெரிவு எப்படி நடக்கும்? பெயரைச் சொன்னதும் அவர் எழும்பிக் கும்பிட்டு, எனக்கு நேரமில்லை, வேறு ஆளைப் பாருங்கோ என்பார். இன்னொருவர் வழிமொழிவார். முதலாமவர் தன் பிறஷரைச் சாட்டுவார். மூன்றாம் தரம், "நீங்கள் எல்லாரும் இவ்வளவு சொல்லுறபடியால்" என்று மேடைக்கு ஏறுவார். முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்கிறவனைப் பதவிப் பித்துப் பிடித்தவன் என்று வருஷம் முழுக்கக் கதைப்பார்கள்.

டேனிஷ்காரரிடம் அந்தக் கணக்கு செல்லாது. வந்த புதிதில் ஒரு டேனிஷ் குடும்பம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது. உருளைக்கிழங்குத் தட்டை இரண்டாம் தரம் நீட்டியபோது வேண்டாம் என்றேன். தட்டு அப்படியே அடுத்த ஆளிடம் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் தின்றேன்.

ஆனால் வாசுகி இங்கேயே பிறந்தவள். நகரசபையில் அவளைப் போல நேரே கதைக்கிற ஆள் கிடையாது. ஊர்க் காசு என்றால் அவள் அசல் டேனிஷ்காரி. தன்னுடைய விஷயம் என்று வந்தவுடன் பரமேஸ்வரி அக்காவின் மகளாகிவிட்டாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. சொசேச் கணக்கு தொடங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

5

எனக்கு நித்திரை வரவில்லை. சிவப்புக்காரனுக்கு நீலக் கட்சியின் உள்வீட்டு விவகாரத்தில் என்ன வேலை என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனாலும் சனிக்கிழமை, பழைய சாமான்கள் கொண்டுபோய்க் கொட்டும் நகரசபை வளவில் போலைக் கண்டவுடன் என் கால் தானாக அவர் பக்கம் போய்விட்டது.

இத்தனை வருஷமாகியும் பெரிய மனிதரைப் பெயர் சொல்லி, "நீ" என்று கூப்பிட எனக்கு நாக்கு வளையாது. டேனிஷில் எல்லாருக்கும் அதுதான், மேயருக்கும் அதுதான். நான் "தலைவர் அவர்களே" என்று கடிதத்தில் எழுதுகிற மாதிரித் தொடங்க, அவர் திரும்பிப் பார்த்துத் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். வாசி சொன்ன "இல்லை" உண்மையான "இல்லை" அல்ல. எங்கள் பழக்கத்தில் இரண்டாம் தரம் கேட்கவேண்டும்.

அவர் கையில் பிடித்திருந்த உடைந்த கதிரையைக் கீழே வைத்தார். "வாசி இல்லை என்றால் இல்லைதான். அந்தச் சொல்லை நம்பித்தானே நாங்கள் இத்தனை வருஷம் பட்ஜெட் போட்டோம். அவளிடம் போய் உன் இல்லையை நான் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது?" என்றார்.

அதுவும் அவளுக்குக் கொடுத்த மரியாதைதான். மனுஷனில் பிழையில்லை. நிர்வாகம் சிபாரிசு செய்துவிட்டது, அதைத் தன்னால் மாற்றமுடியாது என்றார். ஆனால் வைகாசிக் கடைசியில் அங்கத்தவர் கூட்டம் இருக்கிறது. வேறு யாராவது நிற்க விரும்புகிறீர்களா என்று அங்கே கட்டாயம் கேட்பேன், அவளே எழுந்து சொன்னால் வாக்கெடுப்பு என்றார். அவளேதான் சொல்லவேண்டும்.

6

இதை நான் வாசுகியிடம் கொண்டுபோய்ச் சொன்னபோது, உள்ளே நின்று கேட்ட பரமேஸ்வரி அக்கா சன்னதம் ஆடிவிட்டார். குசினியில் அகப்பையை வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"சிவம், தானா எழும்பி எனக்குத் தாங்கோ எண்டு கேக்கிறதோ? கேட்டு வாங்கிற மரியாதை ஒரு மரியாதையோ? இவளின்ர அப்பர் ஆரிட்டயும் ஒண்டும் கேக்காமல் வாழ்ந்து போனவர்."

அக்காவின் பயம் அது மட்டுமல்ல. ஒரு தடவை உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திக்குக் கீழே எவனோ, இவளை ஊருக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். வாசுகி சிரித்துவிட்டு, ஒடென்சே ஆஸ்பத்திரிக்கோ என்று கேட்டாள். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மேயர் என்றால் அப்படி எத்தனை வரும் என்று நினைக்கிறார். தாய் மனம் அப்படித்தான் நினைக்கும்.

எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. அதை மறைக்காமல் வாசுகியிடம் சொன்னேன். கணக்குப் பார்க்கிறவரை ஊர் மதிக்கும், விரும்பாது. மேயரை ஊர் விரும்பவேண்டும். ரிப்பன் வெட்டவேண்டும், இங்கே கல்யாண நாளுக்கும் கொடி ஏற்றுவார்கள், அங்கேயெல்லாம் போய்ப் பல்லைக் காட்டவேண்டும். அதைவிட எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். மேயரின் வாசலில் முதல் வரிசையில் வந்து நிற்பார்கள், கட்டடத்தைத் திருப்பித் தா என்று. நீ அங்கே போய் இளகிவிட்டால் எங்களுக்கு ஒரு நல்ல கணக்குப்பிள்ளையும் இல்லாமல் போகும் பிள்ளை என்றேன்.

அவள் தாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "இத்தனை வருஷமா எல்லாருக்கும் இல்லை, இல்லை எண்டு சொல்லி மிச்சம் பிடிச்சனான். அதை என்னத்துக்குக் குடுக்கிறது எண்டு சொல்லுற இடத்தில இருக்க எனக்கு ஆசையா இருக்கம்மா."

"ஆசை எண்டு வாயால சொல்லாத பிள்ளை," என்றார் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆசை என்ற சொல்லை ஒரு பதவியைப் பற்றி எங்கள் ஆட்கள் யாரும் இப்படி வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் சேவை என்பார்கள், வற்புறுத்தல் என்பார்கள். எனக்கு அந்த இடத்திலேயே தயக்கம் போய்விட்டது. தன் ஆட்களின் கட்டடத்தைப் பூட்டத் துணிந்தவள் பதவிக்குப் போய் இளகமாட்டாள். அவள் நிற்கவேண்டும். நின்றால் என் வோட்டு எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கட்சிக்காரர் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன், வாசுகிக்குத்தான், ஒரே ஒரு புள்ளடி.

7

கூட்டம் ஊர்ப் பொதுமண்டபத்தில். பின்னேரம் ஏழு மணிக்கு நல்ல வெயில். அங்கத்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். நான் காரோடு வெளியே நின்றேன், பக்கத்து சீற்றில் பரமேஸ்வரி அக்கா. வரமாட்டேன் என்று பகல் முழுக்கச் சொன்னவர், நான் வாசலில் ஹோர்ன் அடித்தபோது சேலை மாற்றி, சப்பாத்துப் போட்டு, ஆயத்தமாக நின்றார்.

வாசுகி உள்ளே போகும்போது எழும்பிச் சொல்வாளா மாட்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. பார்க்கலாம் மாமா என்று மட்டும் சொன்னாள்.

டேனிஷ்காரர் எந்தக் கூட்டத்தையும் பாட்டோடுதான் தொடங்குவார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. பியானோவும் வயதான குரல்களும் கேட்டன. பிறகு போலின் குரல், பிறகு தரகரின் குரல், கைதட்டல். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "அவள் வாய் திறக்கமாட்டாள். நான் அப்பிடித்தானே வளர்த்தனான்," என்றார். பெருமையாகச் சொன்னாரா கவலையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

திடீரென்று உள்ளே கதிரை இழுபடும் சத்தம். ஒரு பெண் குரல். சொற்கள் விளங்கவில்லை, ஆனால் குரல் யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முதலில் நடுங்கியது. பிறகு நூலகத்தில் கணக்கு விளங்கப்படுத்துகிற அந்தக் குரலாக வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து வாசுகி மட்டும் வெளியே வந்தாள். முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அக்கா கார்க் கதவைத் திறந்து இறங்கினார்.

"நானே கேட்டன் அம்மா," என்றாள். "போன முறை இல்லை எண்டு சொன்னது பிழை, எனக்கு விருப்பம் எண்டு சொன்னன்."

"வெக்கமா இருந்ததோ?"

"ஓம்."

"என்ன சொன்னவை?"

"கை தூக்கினவை. எல்லாரும் இல்லை. பாதிக்கு மேல, அது காணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, நான் வேறு கட்சி என்றாலும் மனுஷன்தானே. அக்கா அழவில்லை. மகளின் சட்டைக் கழுத்தை இழுத்து நேராக்கினார். சேலைத் தலைப்பால் அவள் கழுத்து வேர்வையைத் துடைத்தார். உள்ளே இன்னும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. யாரோ எட்டிப் பார்த்து வாசி என்று கூப்பிட்டார்கள்.

"அப்ப ஏன் வெளியில நிக்கிறாய்?" என்றார் அக்கா. "போ. போய் முன்னுக்கு இரு."